வெள்ளிமலைச் சாலையில் ஒரு தவளையின் குரல்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் படுவது டீக்கடை பெஞ்சின் மேல் ஈரப் பாசி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகும் சாலை இது. பனி இன்னும் விலகவில்லை.

தவளை ஆய்வாளர் மீனா டப்பாவை ஒட்டி மைக்கைப் பிடித்திருக்கிறார். அச்சு அசலாக இதே தோற்றத்தில் இன்னொரு இனமும் இங்கே உண்டு. இது புதியதா என்பதைக் குரல்தான் சொல்ல வேண்டும். பிடித்ததிலிருந்து அது கத்தவில்லை. வெயில் ஏறினால் கத்தாது. வனத்துறை அனுமதி இன்றோடு முடிகிறது.

"இன்னாம்மா, தவளைகிட்ட பேட்டியா?" என்கிறார் கடைக்காரர் அஞ்சலை.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்கக்கா."

"நான் இருப்பேன், மொத பஸ்ஸு இருக்குமா? மேட்டு வூட்டுக்காரங்க எறங்கி வர்ற வரைக்கும் டிரைவரு ஆரனை அமுத்திக்கினே இருப்பாரு."

மீனா பாசியின் மேல் தண்ணீர் தெளிக்கிறார். மழை என்று நம்பி அது கத்தலாம். அவசரத்தில் பாதித் தண்ணீர் பெஞ்சில் விழுகிறது.

வளைவில் பஸ்ஸின் விளக்கு தெரிகிறது. அஞ்சலை சாலையில் இறங்கி, வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டுகிறார். டிரைவர் பதிலுக்குக் கையாட்டிவிட்டு ஹாரனை அழுத்துகிறார்.

மேட்டிலிருந்து ஆட்கள் கூடைகளோடு இறங்குகிறார்கள். ஓயாத ஹாரனுக்கு நடுவே, டப்பாவுக்குள் கத்தும் தவளையின் தொண்டைப் பை உப்பி உப்பி அடங்குகிறது.

பஸ் கிளம்பும்போது வெயில் வந்துவிட்டது. மீனா பதிவைப் போட்டுக் கேட்கிறார். அதில் ஹாரன் மட்டும் இருக்கிறது.