கையில் நிற்கும் தொகை

எனக்குப் போக ஆசையாக இருந்தது. அதை மறைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. நாற்பத்து நான்கு வயதில், கணக்கு வேலையிலேயே நரை கண்ட ஒருத்திக்குப் பெங்களூரிலிருந்து அழைப்பு வருவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. எங்கள் வயதுக்காரர்களை நிறுவனங்கள் ஒரு தினுசாகப் பார்க்கும். புதிதாகப் படித்து வருகிறவர்களின் சம்பளத்துக்கு இவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். பெரிய நாற்காலியில் உட்காரவும் இன்னும் நேரம் வரவில்லை. நடுவில் நிற்கிறாள். நான் நடுவில்தான் நின்றேன், பல வருஷமாக, பெரும்பாலும் மின்சார ரயிலின் கதவோரம். ஏரிக்கரையிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், பொன்னேரியிலிருந்து ரயில், பாரிமுனையில் ஒரு சரக்கு முகவரின் அலுவலகம், இருட்டியபின் அதே வழியே திரும்புதல். கைக்கு வந்தது நாற்பத்திரண்டாயிரம். அதற்கு மேல் ஏற அங்கே படி இல்லை என்று முதலாளியே சொல்லிவிட்டார், டீ குடித்துக்கொண்டே, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வது மாதிரி. காட்டுப்பள்ளிப் பக்கம் கேட்டுப் பாரேன் என்று ஒருத்தர் சொன்னார். ஏரியைக் கெடுக்கிறது என்று அங்கிருக்கும் துறைமுகத்தோடு எங்கள் ஊருக்கு இருக்கிற மனத்தாங்கல் தெரிந்தும் அங்கே போய்க் கணக்கு எழுதினால், என் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்?

பெங்களூர் நிறுவனம் போனிலேயே இரண்டு முறை என்னைக் கேள்வி கேட்டது. மூன்றாவது முறை பேசியது ஆள் எடுக்கும் பிரிவுப் பெண். ஓசூர்ப் பக்கமாம், நல்ல தமிழ். எல்லாம் பேசி முடித்து, "உங்க எக்ஸ்பெக்டேஷன் எவ்ளோ மேடம்?" என்றாள்.

தொகை என்னிடம் தயாராக இருந்தது. இணையத்திலும் தேடிப் பார்த்திருந்தேன். இந்த நகரத்தில் இத்தனை வருஷ அனுபவத்துக்கு இதிலிருந்து இதுவரை என்று போட்டிருப்பார்கள். அந்த இரண்டு தொகைக்கும் நடுவே ஒரு படகு நுழைந்து திரும்பலாம். அதை மூடிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து நானே கட்டிய தொகை, எழுபத்தைந்தாயிரம். இரண்டு அறை உள்ள வாடகை வீடு. பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் மகளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம். மூன்று பேர் சாப்பாடு. அதோடு இன்னொன்று: என் வீட்டுக்காரர் அங்கே போய் ஏதோ ஒரு அடுக்குமாடி வாசலில் விசில் ஊதிக்கொண்டு நிற்கக் கூடாது. இறால் வலை கட்டியே தோள் அகன்ற மனுஷன். அவருக்குப் பொருந்துகிற வேலை ஒன்று அமையும்வரை அவர் பாட்டுக்கு இருக்கலாம் என்பதும் அந்த எழுபத்தைந்துக்குள் இருந்தது.

"செவன்ட்டி ஃபைவ், மாசத்துக்கு" என்றேன்.

"ஓகே மேடம், நோட் பண்ணிக்கிட்டேன்" என்றாள்.

பேரம் இல்லை. மூச்சுகூட மாறவில்லை. எனக்கு அன்றைக்கே பயம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

இதற்குள் இங்கே பாடு குலுக்கும் நாள் வந்துவிட்டது. ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று கோயிலில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைதான் பாடு. ஊரில் குடியிருக்கிற, கல்யாணமான ஆணுக்குத்தான் சீட்டு. அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் பெயர் போய்விடும். திரும்பி வந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் ஊர் சுலபத்தில் சேர்க்காது. சீட்டில் பெயர் போட்டுவிட்டு நடுவில் கிளம்புவது அதைவிட மோசம். கூட வலை கட்டுகிறவர்கள் ஆளில்லாமல் தவிப்பார்கள். ஆகவே அன்று சாயங்காலத்துக்குள் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், போகிறோமா இருக்கிறோமா என்று.

வேலைக் கடிதம் அன்று மத்தியானம் வந்தது.

லீவு போட்டு வீட்டில் இருந்தேன். கொண்டல் காற்று மணலை வாரி வாரி வாசலில் போட்டுக்கொண்டிருந்தது. போன் ஏரிக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு என்னை ஆந்திராவுக்கு வரவேற்றது. மெயில் மெதுவாக, நகத்தைக் கடிக்கவைத்துத் திறந்தது. வருஷத்துக்கு ஒன்பது லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் எழுபத்தைந்து. கேட்டது கேட்டபடி. அப்புறம் கண் கீழே இறங்கியது. அந்த ஒன்பதுக்குள்ளேயே நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும், நான் கட்டும் பங்கும், கிராஜுவிட்டியும், காப்பீடும், வருஷக் கடைசியில் வேலையைப் பார்த்துத் தருவோம் என்கிற ஒரு துண்டும் இருந்தன. எல்லாம் போக மாதாமாதம் கையில் நிற்பது ஐம்பத்தாறு.

நான் இதே வேலையைச் செய்கிறவள். ஒரு அலுவலகம் முழுக்க இருப்பவர்களுக்கு இதே பிடித்தங்களைப் போட்டுச் சம்பளம் பிரிக்கிறவள். பெரிய ஊரில் கேட்டால் மொத்தத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கேட்ட கணத்தில் வாயில் வந்தது எங்கள் வீட்டுப் பேச்சு. இங்கே பிடித்த மீனின் விலையை யாரும் வருமானம் என்று சொல்வதில்லை. டீசல் போய், ஐஸ் போய், படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு போய், கடைசியில் மடியில் முடிவது எவ்வளவோ அதுதான் வந்தது. "இன்னிக்கு எவ்ளோ வந்துது?" என்று நான் கேட்டு, வீட்டுக்காரர் மொத்த விலையைச் சொன்னதாக ஒருநாள்கூட இல்லை. மொத்தத்தைச் சொல்கிறவனைப் பீத்தல் பேர்வழி என்பார்கள். நானும் பீத்திக்கொள்ளாமல் மடியில் நிற்பதைச் சொல்லிவிட்டேன்.

அவர் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்ச்சா?" என்றார்.

"வந்துட்ச்சு."

"எவ்ளோ?"

"எழுபத்தஞ்சு. ஆனா கைல அம்பத்தாறுதான் நிக்கும்."

"அதெப்படி? நீ கேட்டதே எழுபத்தஞ்சுதானே."

"அத மொத்தம்னு எழுதிக்கினா அந்தப் பொண்ணு."

"நீ இன்னான்னு சொன்னே?"

"கைல நிக்கறதச் சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லிக்கிறே."

அவர் முகத்தில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் அவருடைய அண்ணன் பெண்சாதி நண்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருமினாலும் அவளுக்குக் கேட்கும்.

"இன்னாடி, பெங்களூர்க்காரி மூஞ்சி செத்துக்கீது? ஏசி ரூம்பு குடுக்கலியா?"

"சம்பளத்துல கொஞ்சம் தகராறுக்கா."

"அது கெடக்கட்டும். எங் கொழுந்தனார இட்டுனு போயி இன்னா பண்ணப் போறே? ஷோகேஸ்ல வெக்கப் போறியா?"

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் தலையை நீட்டினாள். "நைனாவுக்குக் கன்னடமும் வராது, இந்தியும் வராது பெரிம்மா. ஷோகேஸ்தான் சரி."

எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

படகுகளை ஏற்றி வைத்திருக்கும் மேட்டில் சிக்னல் கொஞ்சம் நிற்கும். அங்கே போய் நின்றேன். தண்ணீர் சுருண்டு சுருண்டு கரையில் மோதியது. உப்பும் சேறும் கலந்த காற்று தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தக் காற்றை விட்டுப் போக வேண்டும் என்று எத்தனை வருஷமாகத் துடித்திருக்கிறேன். ரயிலில், லிஃப்ட்டில், மாதக் கடைசியில் மற்றவர்கள் சம்பளத்தை எண்களாக அடுக்கும்போது. இப்போது ஒரே ஒரு போன் பேசினால் போதும். கை மட்டும் எழவில்லை. கடைசியில் அழுத்தினேன்.

"சொல்லுங்க மேடம். மெயில் பாத்தீங்களா? நீங்க கேட்டதையே வாங்கிக் குடுத்துட்டேன்."

"பாத்தேம்மா. ஒரு குழப்பம் ஆயிடுச்சு. நான் எழுபத்தஞ்சுன்னு சொன்னது கைக்கு வர்றது. பிடித்தமெல்லாம் போக."

"மேடம், நீங்க அக்கவுண்டன்ட்தானே?" என்றாள்.

குத்தல் இல்லை. நிஜமாகவே அவளுக்குச் சந்தேகம். காது இரண்டும் கொதித்தன.

"ஆமாம்மா. அதனாலதான் சேரறதுக்கு முன்னாடியே கேக்கறேன்."

"அப்ரூவல் ஆயிடுச்சு மேடம். இப்ப ஏத்திக் கேட்டா என்னைத்தான் திட்டுவாங்க. இதே போஸ்ட்டுக்கு முப்பது வயசுல ஒருத்தர் வெயிட்டிங்ல இருக்கார்."

முப்பது வயசு. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பரவாயில்லைம்மா, இருப்பதே போதும் என்கிற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"நாங்க மூணு பேர் ஊர விட்டு வரணும். அதுக்குத்தான் அந்தத் தொகை."

"ஃபேமிலி ரீசன் எல்லாம் எழுத முடியாது மேடம்."

"அப்ப மார்க்கெட் ரேட்டுன்னு எழுதுங்க. பெங்களூர்ல என் அனுபவத்துக்கு அது அதிகமில்லன்னு உங்களுக்கே தெரியும்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "சாயந்தரம் சொல்றேன் மேடம். ஆனா அப்பவே எஸ் ஆர் நோ சொல்லிடணும்."

சாயங்காலம் கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்தார்கள். நாங்கள் பெண்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றோம். ஊர்த் தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஆள் 'போடுங்க' என்றதும் சீட்டை மடித்துப் பானைக்குள் போட்டார். என் உள்ளங்கையில் போன் வியர்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை அதைப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் நான்கு பெயர். இன்னும் இரண்டு.

"இன்னாப்பா" என்றார் தலைவர், என் வீட்டுக்காரரைப் பார்த்து. "உம் பொண்டாட்டி பெங்களூரு போறாளாமே. உம் பேரு போடறதா, வாணாவா?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தர் சொன்னார்: "அங்கயும் ஏரி கீதுபா. சாக்கட கலந்து நொர தள்ளிக்கினு கீதாம். அங்கியே வல கட்டுவான்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். மறுபடி அவரைப் பார்த்தேன். தலையை இப்படியோ அப்படியோ அசைத்திருக்கலாம், கழுத்து நகரவில்லை. அவர் கண் என் முகத்தில் எதையோ தேடியது. தேடி, இல்லை என்று தெரிந்துகொண்டது.

"சட்னு சொல்லுப்பா, பொழுது போவுது."

"போடுங்க" என்றார்.

சீட்டு பானைக்குள் போய்விட்டது. என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டாரே என்று கோபம் பொங்கியது. கேட்டார், நான்தான் சொல்லவில்லை என்பது அதற்குப் பின்னாலேயே வந்தது.

குலுக்கல் நடந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. மேட்டுக்கு ஓடினேன்.

"கொஞ்சம் ஏத்தி வாங்கியிருக்கேன் மேடம். கைல அறுபத்தி மூணு வரும். இதுக்கு மேல ஒரு ரூபா முடியாது. எஸ்ஸா?"

முதுகுப் பக்கம் பெயர்களும் நாட்களும் கேட்டுக்கொண்டிருந்தன. அறுபத்து மூன்றில் மூன்று பேர் அங்கே இருக்க முடியாது. அவரை ஒரு வாசலில் நிறுத்தினால் முடியும். அறுபத்து மூன்றில் ஒருத்தி பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்து, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்ப முடியும். செலவெல்லாம் போக இப்போது மிஞ்சுவதைவிட அதிகமாகவே. இந்தக் கணக்கு ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. ஏற்கெனவே எங்கேயோ போட்டு வைத்திருந்தேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"எஸ்" என்றேன். நானும் அவரைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். அவர் வழக்கம்போல ஒரு எட்டு முன்னால்.

"போன் வந்துட்ச்சா?"

"ம்."

"இன்னா சொன்னே?"

"சரின்னுட்டேன்."

"எவ்ளோ நிக்கும் கைல?"

"அறுபத்தி மூணு."

அவரும் கணக்குப் போட்டார். நடை தளர்ந்ததில் தெரிந்தது. "அப்ப ஒரு ஆளுக்குத்தான்" என்றார். கேள்வி மாதிரி கேட்கவில்லை.

"ஆமா."

"எப்போ போவணும்?"

"ஒண்ணாந் தேதி சேரணும். மொத நாள் கார்த்தாலயே ரயிலு."

விரல் விட்டு எண்ணினார். "எனக்கு அன்னிக்குத்தான் மொதப் பாடு விழுந்துகீது. மொதப் பாட்டையே வுட்டா ஊரு வாயில வுழணும்."

"நீ வர வாணாம். நானே போய்க்குவேன்."

"பொட்டி ரெண்டு இருக்குமே."

"ஒண்ணுதான் எடுத்துனு போவேன்."

போகாதே என்று அவர் சொல்வாரோ என்று காத்திருந்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வேன் என்று தெரியாமலே காத்திருந்தேன். என்னோடு வந்துவிடு என்று நான் சொல்வேனோ என்று அவரும் அந்த ஒரு எட்டு முன்னாலிருந்து காது கொடுத்திருக்கலாம்.

வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு மகள் நின்றிருந்தாள்.

"இன்னா நைனா, போறமா, இருக்கறமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். செருப்பிலிருந்த மணலைத் தட்டுகிற சாக்கில் இருவரும் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றோம்.