மேலண்டை

போன மாதம் ஒரு நாள் காலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கும்பகோணத்துக்கு வெளியே புதிதாகப் போட்டிருக்கும் நாலுவழிச் சாலை, அதன் மேம்பாலத்தை ஒட்டின கடை. கடைக்காரர் தூள் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறுகிற நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் போல. போனைப் பார்த்து, அந்த மலை, இந்த மலை என்று பேசிக்கொண்டார்கள்.

கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "இந்தப் பெரியவர்கிட்ட கேளுங்க தம்பி. லாரியில ஏறாத மலை இல்ல" என்று என்னை மாட்டிவிட்டார்.

"சும்மா ஓட்டுறதுக்காகவே போகணும் தாத்தா. ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகணும். பாக்கவும் அழகா இருக்கணும். அப்படி ஒண்ணு சொல்லுங்க."

சும்மா ஓட்டுவதற்கென்று ஆள் மலைக்குப் போவான் என்பது எனக்குப் புதுசு. லோடு இல்லாமல் ஒரு மேடு ஏறியிருந்தால் எங்கள் முதலாளி என்னை வைத்தியரிடம் அழைத்துப் போயிருப்பார்.

"பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு. அங்கேருந்து வால்பாறை ஏறுங்க. ஏறுன கியர்லயே எறங்குங்க" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. அவர்களிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. நன்னிலத்தில் பிறந்தவனுக்கு மேடு என்றால் ஆற்றங்கரை. அதைவிட உயரம் கோயில் கோபுரம். ஆனால் ரோடு மட்டும் வளையும். பாதி வளைவு வாய்க்காலால் வந்தது. மீதிப் பாதி, என் வயலில் போடாதே என்று யாரோ ஒரு மிராசுதார் சொன்னதால் வந்தது. அவர் வயலை ரோடு மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போகும். இல்லாதவன் வயல் வந்தால் நேராக நடுவில் போகும். நான் வண்டி பழகியது அந்த ரோடுகளில். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம், இது எந்த மிராசுதார் என்று நினைத்துக்கொள்வேன்.

மலை ரோட்டு வளைவு அப்படியில்லை. அதற்குப் பின்னால் ஆள் கிடையாது. மலை அப்படி நிற்கிறது, ரோடு அதற்கு ஒத்துப் போகிறது. முதல் தடவை ஏறியபோதே அது எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு வளைவில் பாறை, அடுத்த வளைவில் அணைத் தண்ணீர், அடுத்ததில் மேகம். லோடு வண்டி முனகிக்கொண்டு ஏறும். எனக்கு உள்ளே பாட்டு ஓடும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் யாரும் மேற்கு கிழக்கு என்று சொல்வதில்லை. மேலண்டை, கீழண்டை. காவிரித் தண்ணீர் வருகிற பக்கம் மேல், போகிற பக்கம் கீழ். மேலத்தெருவில் மிராசுதார்கள். கீழத்தெருவில் அவர்கள் வயலில் இறங்குகிறவர்கள். என் மாமா ஒருவர் முடிவெட்டுகிறவரிடம், "மேலண்டைக் காதுப் பக்கம் கொஞ்சம் கொறைப்பா" என்பார். அவரும் தலையைச் சூரியனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சரியாக வெட்டுவார்.

அஞ்சலை கீழத்தெரு. ராவுத்தர் அரிசி மில்லில் நெல் காயவைக்கிற வேலை. அந்த மில் லாரியைத்தான் நான் ஓட்டினேன். அவள் வீட்டுக்காரன் வீரையன் விவசாயக் கூலிகள் சங்கத்து ஆள். ஆட்சி மாறியிருந்த சமயம். இனி நமக்குத்தான் காலம் என்று கீழத்தெருவில் பேச்சு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடைக்கு இறக்கினார். வரப்பில் தள்ளுமுள்ளு. மிராசுதாரின் கணக்குப்பிள்ளைக்குக் கை முறிந்தது. யார் முறித்தது என்று யாருக்கும் தெரியாது. வழக்கு வீரையன்மேல். அவன் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டான்.

ஒரு வருஷத்துக்கு மேல் சேதி இல்லை. பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வருகிறதென்று பேச்சு வந்தது. மிராசுதார் நிலத்தை விற்றுக்கொண்டு பட்டணம் போகத் தயாரானார். போகிறவருக்கு வழக்கு எதற்கு? ராஜியாகிவிட்டார். வீரையன் தலைநிமிர்ந்து ஊருக்கு வரலாம். ஆனால் அது வீரையனுக்குத் தெரியாதே. அந்தச் சமயம் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர், வீரையனை வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் மில் அரிசி போகிற எஸ்டேட் அது.

ராவுத்தர் என்னைக் கூப்பிட்டார். "கிளீனர் ஊருக்குப் போயிட்டான்ல? அந்த எடத்துல இந்தப் புள்ளயக் கூட்டிட்டுப் போ. ரெண்டு பேராத் திரும்பி வாங்க."

"ரெண்டு பேர்னா மொதலாளி?"

"உன்னையும் சேத்து மூணுய்யா. கணக்கு தெரியாதவனை வண்டியில வச்சிருக்கேன்."

அஞ்சலை மடியில் ஒரு முடிச்சு வைத்திருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். புழுங்கலரிசி.

"பின்னால ஒரு லோடு அரிசி வருது. இது வேறயா?"

"அது எஸ்டேட்டு அரிசிண்ணே. இது நான் அறுத்தது."

ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள். கீழே அணை. வளைந்து ஏறினோம். மறுபடி அணை. இன்னும் ஏறினோம். மறுபடியும்.

"அண்ணே, உங்களுக்கு வழி தெரியுமா?"

"ஏன்?"

"சுத்திச் சுத்தி அதே தண்ணிகிட்டதான் வர்றோம்."

"ஒவ்வொரு தடவையும் தண்ணி சின்னதா ஆவுது பாரு."

பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் எலுமிச்சம்பழத்தை எடுக்கவில்லை. "எறங்குறப்ப அவரு இங்க குந்திக்கட்டும். நான் பின்னால தார்ப்பாய்ல படுத்துக்கறேன். அவருக்கு வேடிக்கை பாக்கப் புடிக்கும்" என்றாள். அவர், அவருதான். பெயரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் கீழத்தெருவிலும் இல்லை, மேலத்தெருவிலும் இல்லை. அந்த ஒன்றில் இரண்டு தெருவும் ஒன்று.

எஸ்டேட் ஸ்டோரில் மூட்டை இறங்கியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் கேட்டேன்.

"வீரையன்னு தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுங்க. எங்க இருப்பாரு?"

ஸ்டோர்காரர் மூட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேரெல்லாம் தெரியாது. வெளியூர்லேருந்து வர்ற ஆளுங்க எல்லாரும் மேலதான்."

வெளியே ரோடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மலையில் ஏறியது. ஒன்று ஓடையோரமாக மேற்கே போனது. எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. வண்டியை மேற்கே விட்டேன்.

என் வாழ்நாளில் அதைவிட நல்ல ரோட்டில் நான் ஓட்டியதில்லை. இரண்டு பக்கமும் தேயிலை, தலை சீவிவிட்ட மாதிரி. வளைவுக்கு வளைவு வெயிலும் நிழலும். எங்கேயோ இலை வறுக்கிற வாசனை. வண்டியில் லோடு இல்லை. கைக்கு அடங்கி ஓடியது.

அஞ்சலை ஓடையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று, "அண்ணே, தண்ணி மேலண்டைப் பக்கம் போவுதுண்ணே!" என்றாள்.

பார்த்தேன். உண்மைதான். சூரியன் சாய்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் மேற்கே போய் நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததில்லை. "இங்க எல்லாம் தலைகீழ் போல" என்றேன். அதோடு விட்டேன். அந்தத் தண்ணீர் சொன்னது என்ன என்று எனக்கு அப்போது ஏறவில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடுகள் வருகிற இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினேன். இறங்கிக் கேட்டேன். "வீரையன் இருக்காரா? தஞ்சாவூர் வீரையன்?" காக்கிச் சட்டை போட்டிருந்தேன். டிரைவருக்கு அதுதான் சட்டை. சிலர் இல்லை என்றார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்கள். அஞ்சலை லாரிக்குள் உட்கார்ந்திருந்தாள். பெயர் சொல்ல வராதவள் இறங்கி என்ன கேட்பாள்?

ரோடு முடிந்த இடத்தில் ஒரு போர்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழ் டிவிசன்.

கொழுந்துக் கூடையோடு வந்த அம்மா ஒருத்தி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மேல் டிவிசனுக்கு இங்க எதுக்கய்யா வந்தீங்க? மேலன்னா மேல" என்று விரலை ஆகாயத்துக்குத் தூக்கிக் காட்டினாள். மலை உச்சிக்குக் கீழே சின்னதாகத் தகரக் கூரைகள் தெரிந்தன. ஸ்டோரிலிருந்து ஏறிப்போன அந்த இன்னொரு ரோடு.

திரும்பி, ஸ்டோர் வந்து, மேலே ஏறிச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. லைனில் கடைசி அறை அவனுடையது. கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா என் சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் டிரைவர் என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள். "காக்கிச் சட்டை ஆளு லாரியோட வந்து லைன் லைனா வீரையனைக் கேக்குறாருன்னு கீழேருந்து சேதி வந்துச்சு. போலீசுன்னு நெனச்சுட்டாரு. இப்பதான், சோலைக்குள்ள எறங்கிட்டாரு."

கூரைகளுக்குப் பின்னால் காடு. அதற்கு அப்புறம் கேரளா.

அஞ்சலை காட்டோரம் வரைக்கும் ஓடினாள். நின்றாள். வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. பிறகு வந்தது. "வீரையா!"

அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எதிர்மலையிலிருந்து, வீரையா, என்று வந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "யாருண்ணே அவரைக் கூப்புடுறது?"

"யாரும் இல்ல. நீ கூப்புட்டதுதான்."

"நான் ஒரு தடவதானே கூப்புட்டேன்."

எங்கள் ஊரில் கூப்பிட்ட குரல் வயலைத் தாண்டிப் போகும். திரும்பி வராது. மோத அங்கே என்ன இருக்கிறது? இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி கத்தினாள். "கேஸு ராஜியாயிடுச்சு! வந்துடு!" மலை, வந்துடு, என்றது. இருட்டும்வரை இப்படியே. அவள் கூப்பிட மலை கூப்பிட, காட்டுக்குள் இருப்பவனுக்குத் தேடுகிறவர்கள் எத்தனை பேராகக் கேட்டிருக்குமோ.

கடைசியில் அறைக்கு வந்தாள். அடுப்பு தணிந்து சோறு குழைந்திருந்தது. இறக்கி வடித்தாள். தட்டுப் போட்டு மூடினாள். மடி முடிச்சைப் பானைப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "வந்தா சொல்லிடுங்க" என்றாள். லாரியில் ஏறினாள்.

இறங்கும்போது பிரேக் தேய்ந்த வாடை வண்டிக்குள் நிறைந்திருந்தது. அவள் கண்ணை மூடவில்லை. நடுச் சீட்டில் ஒதுங்கியே உட்கார்ந்து வந்தாள். ஜன்னலோரம் காலியாகவே இருந்தது.

அடுத்த லோடில் போய்க் கேட்டேன். வரவில்லை. அதற்கடுத்த லோடிலும் இல்லை. அறையில் வேறு ஆள் வந்துவிட்டான். நான் ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் அஞ்சலை களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டே, "மேல போறீங்களாண்ணே?" என்பாள். ஆமாம் என்பேன். திரும்பி வந்தால் ஒன்றும் கேட்க மாட்டாள்.

சில வருஷம் கழித்து, குடியிருக்கிற மனைக்கே பட்டா என்று வந்தார்கள். கீழத்தெருவில் மேசை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். நான் தவிடு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனவன், நின்றேன்.

"புருஷன் பேரு?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "வீரையன்" என்றேன்.

"ஆளு எங்கம்மா?"

"மேல இருக்காருங்க."

குமாஸ்தா வெளியூர்க்காரர். நல்ல மனுஷன். பேனாவை நிறுத்தினார். குரலை இறக்கினார். "எப்பம்மா போனாரு?"

"அறுவடைச் சண்டையப்பங்க."

"என்ன செய்யறது. எல்லாரும் போறதுதானே."

"எல்லாரும் எங்கங்க போனாங்க? இவரு மட்டுந்தான் போனாரு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எழுதிக்கொண்டார். பட்டா கைக்கு வந்ததும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டினாள். காலஞ்சென்ற வீரையன் மனைவி அஞ்சலை என்று இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முதல் வார்த்தையைக் கூட்டாமல் விட்டேன்.

"வீரையன் மனைவி அஞ்சலை" என்றேன்.

"அவரு பேரும் இருக்குதா" என்றாள். மடித்து வைத்துக்கொண்டாள். கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் போயும் வருஷமாகிறது.

ராவுத்தர் மில் இன்று கல்யாண மண்டபம். மேலத்தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. எந்த மிராசுதாரையும் சுற்றாமல் நாலுவழிச் சாலை நேராகப் போகிறது. வளைவு போய்விட்டது. அதோடு இன்னொன்றும் போய்விட்டது என்பது அன்று டீக்கடையில்தான் தெரிந்தது.

அந்தப் பிள்ளைகள் டீயைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள். ஓட்டுகிறவன் தலையை நீட்டினான். "தஞ்சாவூருக்கு எப்படித் தாத்தா? போன்ல சிக்னல் போயிடுச்சு."

"மேல போ தம்பி" என்றேன்.

தலையாட்டினான். பாலத்துக்கு அடியில் மேற்கே போக வேண்டிய வண்டி, மேம்பாலத்தின்மேல் ஏறி வடக்கே போனது.

எழுந்து நின்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் கூப்பிட்ட குரல் திரும்பி வராது.