பத்துக் கேள்விகளும் அம்மாவும்

நொச்சித் தைலத்தின் வாடை எங்கே அடித்தாலும் அந்தப் பத்துக் கேள்விகள் நினைவுக்கு வரும். கூடவே கொஞ்சம் வெட்கமும்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சோர்ந்துபோயின. மூன்று மாதம் பாளையங்கோட்டையில் என் வாடகை வீட்டில் வைத்துத் தைலம் தேய்த்தோம். கால் தேறியது, கை பாதிதான். முக்கூடலுக்குப் போய்த் தன் வீட்டில் தனியே இருப்பேன் என்றாள் அம்மா. விடமாட்டேன் என்றேன் நான். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்தார். பத்துக் கேள்வி, நூறு மார்க். எழுபது வந்தால் போகலாம்.

கேட்டது, அங்கே கைகால் பயிற்சி தரும் இளம்பெண். அம்மா வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன்.

"தனியா குளிப்பாங்களா?"

"மாட்டாங்க. நாங்கதான் ஊத்திவிடுதோம்."

"ஏலே, உன் வீட்டு பாத்ரூம் வழுக்குது, அதுக்கு நான் என்ன செய்ய? அங்கன எனக்கு ஆறு கெடக்கு. பதினோரு படி, பிடிச்சு எறங்கக் கல்லு. எழுதும்மா."

ஆற்றுக்குத் தாளில் கட்டம் இல்லை. மார்க் சுழி.

"தலை வாரிக்கிடுவீங்களா?"

"நான் எதுக்கு வாரணும்? வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து எனக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் வாருதா. அவளுக்கு நான்."

அதற்கும் சுழி. மொத்தம் அறுபது. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். வெட்கம் அதற்குத்தான்.

முக்கூடலில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் தன் தலையைத் தானே வாரியதில்லை. மத்தியான வெயில் சாயும்போது ஒருத்தி முதுகுக்குப் பின் ஒருத்தியாக உட்கார்வார்கள், ரயில் பெட்டி மாதிரி. அந்த வாழ்வைத் தாள் நோய் என்று கூட்டிப் போட்டது. இப்போது, எனக்கும் வயதான பின், ஆஸ்பத்திரியில் என் வலியையும் பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். சொல்வதில்லை. சொல்லவும் மாட்டேன்.

"ஏட்டி, இங்கன திரும்பி உக்காரு," என்றாள் அம்மா அந்தப் பெண்ணிடம். பின்னலை அவிழ்த்தாள். இடது கையால் சீப்பை இழுத்தாள், சோர்ந்த கையால் முடியை அழுத்திக்கொண்டாள். நேரமானது.

"படிச்ச பிள்ள, தலையில இம்புட்டு ஈரு. இதுக்கு யாரு மார்க்கு போடுவா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "மார்க்க மாத்த முடியாதும்மா," என்று சொல்லிவிட்டு, தாளின் அடியில் எழுதினாள்: 'பக்கத்து வீட்டில் ஆள் உண்டு. இவர் தனியாக இல்லை.'

டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். என்னைப் பார்த்தார். "பொறவென்ன வே. அனுப்பி வையும்."

ஜங்ஷனில் முக்கூடல் பஸ் நின்றது. அம்மா இடது கையால் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நானும் பின்னால் ஏறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையை எடுத்து விலக்கினாள்.

"நான் ஏறிட்டேன். வண்டிய எடுக்கப் போறான், நீ எறங்கு."