காத்தமுத்து கொண்டுவந்த புதுப் பெட்டிகள்

அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் காத்தமுத்துவுக்கு, கோயிலில் பாட்டுப் போடும் பொறுப்புதான் உயிர். மேளக்காரர் பிந்தினாலும் பொறுத்துக்கொள்வார். மைக் கூவினால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் இந்த வருஷம் கேகாலை டவுனுக்குப் போய், தாமே தேர்ந்தெடுத்து, கோயிலுக்குப் புது ஸ்பீக்கர் இரண்டு கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் அம்மன் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் இராமசாமி தோட்டத்தின் கீழ் டிவிஷன்காரர், வளவளவென்று பேசமாட்டார். திருவிழாவுக்குள் சத்தம் சரியாகாவிட்டால் டவுனிலிருந்து ஆள் பிடிப்போம், இனி எப்போதும் அவர்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காத்தமுத்து உடனே பெட்டி விற்ற கடைக்கார ஜுனைதீனுக்குப் போன் போட்டார். புதுப் பெட்டியில் உள்ளே இருக்கும் அட்டை விறைப்பாக இருக்கும், பாடப்பாடத் தளரும், நாள் முழுக்கப் போட்டு வையுங்கள், பேஸ் என்கிற அடிச்சத்தம் தானாக ஆழமாய் இறங்கி வரும் என்றார் அவர். அவருக்கென்ன, அவர் வீட்டுக்குத் தனிக் கூரை. காத்தமுத்து இருந்த லயமோ வரிசை வீடு, எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் எதுவும் அதைத் தொடாது. காத்தமுத்து வீட்டில் வைத்துப் பெட்டிக்குப் போட்ட பாட்டை லயமே கேட்டது.

முதல் நாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணகுமாரி அகப்பையால் சுவரை இடித்தாள். அடுத்த வாரம் அந்த இடி தாளத்தோடு விழுந்தது. பிறகு கரண்ட் போன ஒரு மத்தியானம், பாட்டு இல்லாமல் தேங்காய் துருவக் கை வரவில்லை என்று வாசலில் வந்து நின்றாள். பேஸ் இறங்கிவிட்டதென்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். காத்தமுத்துவுக்கும் அப்படித்தான் கேட்டது.

திருவிழாவின் முதல் நாள் இராமசாமி வந்தார். முதல் பாட்டு முடியுமுன்பே முகம் சுளித்தார்.

"அதே தகரந்தானேப்பா?"

பூத்தட்டோடு நின்ற கிருஷ்ணகுமாரிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொட்டி நல்லாத்தாங்க இருக்கு தலைவரே. ஒங்க காதுதான் இன்னும் பழகல. ஒரு கெழம எங்க லயத்துல வந்து இருந்து பாருங்க."

லயத்துச் சனம் மொத்தமும் ஆமாம் போட்டது. அத்தனை பேர் எதிரில் தலைவர் சுண்டுவிரலால் காதைக் குடைந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை. டவுனுக்குப் போன் போடாமலே உட்கார்ந்துவிட்டார். காத்தமுத்துவுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசி நாள் தேர் திரும்பும்போது இராமசாமி அவரைத் தனியே கூப்பிட்டு, இப்போதுதான் பேஸ் இறங்குகிறது என்று ஒப்புக்கொண்டார். காத்தமுத்து நேரே போய்ச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார்.