நான் போட்ட சத்தம்

என் அலமாரியில் குற்றவாளிகளின் மனதைப் பற்றி ஏழு புத்தகங்கள் இருக்கின்றன. ஏழையும் படித்துவிட்டேன் என்பதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியப்படுத்தியும் இருக்கிறேன். அந்தத் திமிரில் ஒரு பெண்ணின் வழக்கைக் கெடுத்தவன் நான் என்பதை மட்டும், அவளைத் தவிர இதுவரை யாருக்கும் தெரியப்படுத்தவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. நான் அங்கே வாத்தியார். என் மாணவி ஒருத்தியின் தாய் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த லயக் குடியிருப்பு ஆள் ஒருவன் வந்து அவள் கழுத்தைப் பிடித்தான். அவன் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்பதை அவள் தோட்டத்துத் துரையிடம் சொல்லியிருந்தாள். முகத்தைக் கல்லில் மோதியதில் இரண்டு பற்கள் போயின.

பொலிஸில் அன்று தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. சிங்களம் தெரிந்த பெரிய மனிதர் என்று என்னைக் கூட்டிப்போனாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

சத்தம் போட்டாளா என்று சார்ஜன்ட் கேட்டார். நான் அவளிடம் கேட்டேன்.

“வாயத் தொறந்தேன் சார். ஒண்ணும் வரல. கொழுந்து கொட்டிறப் போகுதேன்னு பைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.”

வீங்கிய வாயால் அவ்வளவையும் சொல்ல அவளுக்கு நெடுநேரம் ஆனது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. உயிர் போகிற நேரத்தில் யாராவது கொழுந்தை நினைப்பார்களா? எழுதினால் சிரிப்பார்கள். ஆகவே திருத்தினேன். பையை வீசிவிட்டு, உதவி கேட்டு அலறினாள் என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் தலையாட்டி எழுதிக்கொண்டார். மாணவர் கட்டுரையைத் திருத்திய திருப்தியோடு, மொழிபெயர்த்தவன் என்று கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள், அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்க்க வழியில்லாமல்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது ஒரே சாட்சி, மேல் நிரையில் கொழுந்தெடுத்த இன்னொரு பெண். பொய் சொல்லத் தெரியாதவள்.

“சத்தம் எதுவும் கேக்கலங்க. பைய நெஞ்சோட புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நிக்கிறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பனி மூடிருச்சுங்க.”

அவள் சொன்னதும் இவள் முதலில் சொன்னதும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. பொருந்தாதது என் சிங்களம் மட்டும்தான்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதுமாயிருந்தது. அலறல் எங்கே, வீசிய பை எங்கே என்று கேட்டார். பல் போனது வழுக்கி விழுந்ததில் என்றார். கூண்டில் நின்று அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அப்படியென்றால் பொலிஸில் சொன்னது பொய்யா என்றார். அவள் திரும்பி, பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

எழுந்து நின்று, அலறியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மடியில் இருந்த குடையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவனை விட்டுவிட்டார்கள். இன்றும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவன் அவளுக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்கிறான். பின்னால் யாராவது இருமினால் அவள் கை தானாகப் பையை இறுக்குகிறது. மென்று தின்பதை விட்டுவிட்டாள், ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறாள் என்று அவள் மகள் சொன்னாள்.

என் ஏழு புத்தகங்களிலும் அடித்தவனைப் பற்றி நிறைய இருக்கிறது. அடிபட்டவளைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புத்தகமே தேவைப்பட்டிருக்காது. அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் போதும்.

தீர்ப்பன்று திரும்பும் பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்பதையும் விடாமல் சேர்த்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தவள், இறங்கும்போதுதான் பேசினாள்.

“எனக்குப் பதிலா நீங்க அங்க நின்னிருந்தா நல்லா சத்தம் போட்டிருப்பீங்க சார்.”