ஏரியின் எல்லைக் கல்

பதினோரு வருடம் மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்துவிட்டு, முப்பத்தைந்தாவது வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள் அவள். கூடப் படித்த பிள்ளைகளுக்கு அவள் கடைசிவரை ‘சிஸ்டர்’தான். இறுதி வருடப் பயிற்சிக்கு, மாநில இயற்கை வளத் துறையின் சட்டப் பிரிவில் இடம் கிடைத்தது.

சட்ட அலுவலர் கொடுத்த முதல் கோப்பு, ஏரிக்குப் பக்கத்தில் இருந்த கல்குவாரியின் உரிமப் புதுப்பிப்பு. ஏரியிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் பாறை உடைக்கக் கூடாது என்பது விதி. முந்நூற்றுப் பத்து என்றது வரைபடம்.

“எல்லாம் சரியாத்தான்மா இருக்கு. பார்த்தாச்சுன்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுத்துடுங்க, போதும்.”

நோயாளியின் அட்டையில் முதலில் தேதியையும் நேரத்தையும் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. வரைபடத்தில் அளந்த தேதி நடுக்கோடை.

“சார், ஏரி வத்திக் கிடக்கும்போது தண்ணி நின்ன இடத்துலேர்ந்து அளந்திருக்காங்க. விதியில, ஏரி நிரம்பினா தண்ணி எதுவரைக்கும் வருமோ அதுதானே எல்லை?”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த எல்லை எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. தேடிப் பார்க்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை, கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் கணவனை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை வரும் என்று காட்டும் எல்லைக் கல், முட்புதருக்குள் பாதி புதைந்திருந்தது. அளவு நாடாவின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டான்.

“கல்யாணமாகி இவ்வளவு தூரம் நாம சேர்ந்து நடந்ததே இல்ல.”

“பேசாம நாடாவை இறுக்கிப் பிடிங்க.”

கல்லிலிருந்து குவாரிவரை இருநூறு மீட்டருக்குச் சற்றே மேல்.

மாணவி அளந்தது செல்லாது என்றார் அலுவலர். துறையின் நில அளவையரை அனுப்பச் சொல்லி விடாமல் நச்சரித்தாள். மூன்றாவது வாரம் அளவையர் போய் அளந்தார்: இருநூற்று மூன்று.

உரிமம் குறித்த விசாரணையன்று, அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவளே எழுந்து பேசினாள். துறை விசாரணையில் பயிற்சி மாணவர்கள் அப்படிப் பேச அனுமதி உண்டு.

“ஊசி போடறவங்கல்லாம் குவாரி அளக்கக் கிளம்பிட்டாங்க,” என்று சிரித்தார், அவள் செவிலியாக இருந்ததைக் கேள்விப்பட்டிருந்த குவாரித் தரப்பு வக்கீல்.

“ஊசி போடறதுக்கு முன்னாடியும் அளவு பார்க்கணும் சார்,” என்று சொல்லிவிட்டு, பழைய வரைபடத்தையும் அளவையரின் புதிய வரைபடத்தையும் விசாரணை அதிகாரியின் முன் விரித்தாள்.

ஏரியை ஒட்டிய பகுதிக்கு உரிமம் மறுக்கப்பட்டது. முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருந்த பாறையை உடைக்கத் தடையில்லை. அது அவளுக்கு உறுத்தியது.

“மேல்முறையீட்டுக்குப் போவாங்கம்மா,” என்றார் அலுவலர், படியிறங்கும்போது.

“போகட்டும் சார். பயிற்சி முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. பதிலை நானே எழுதறேன்.”

அவர் கோப்பை அவள் கையிலேயே விட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போனார்.