ஜெபத்தில் கேட்ட பேர்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் குற்றாலத்து ஹோட்டல்களில் இறக்குவதுதான் முத்துச்செல்வத்தின் பிழைப்பு. சொந்த டெம்போ. பின்கதவில் மஞ்சள் பெயின்டில் தன் பேரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

எட்டு வருஷத்துக்கு முந்தி, ஆனி மாதம், பட்டப்பகலில் லைட் போட்டு ஓட்டவேண்டிய சாரல். ஐந்தருவி ரோட்டு வளைவில் ஒரு பைக்கை இடித்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோது ரோட்டில் ஒருவர் அசையாமல் கிடந்தார். முத்துச்செல்வம் நிற்கவில்லை. மறுநாள் பேப்பரில் ஒருவர் இறந்தார் என்ற வரியோடு நிறுத்தி, மடித்து வைத்துவிட்டார். அந்த வாரமே பின்கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்.

யாரும் தேடி வரவில்லை. தூக்கம்தான் போயிற்று. கண்ணை மூடினால் வைப்பர் தேய்க்கும் சத்தம். மனைவி ஜெயபிரியாவுக்கு இரண்டு தடவை கரு கலைந்தது. செய்ததற்கு அடி விழுகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

நாலு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தென்காசிக்கு வெளியே டயர் பஞ்சர். மழைக்கு ஒரு சின்னச் சர்ச்சின் ஜன்னலோரம் ஒதுங்கினார். உள்ளே நாலைந்து பெண்கள் உபவாச ஜெபத்தில் இருந்தார்கள். அதில் ஒரு குரல் தனியாகக் கேட்டது.

"ஆண்டவரே, ஐந்தருவி ரோட்டுல நிக்காமப் போன முத்துச்செல்வத்துக்குத் தூக்கத்தைக் குடும். அவன் தூங்காமக் கெடக்கான்."

முத்துச்செல்வம் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டார். எட்டிப் பார்க்கத் துணியவில்லை. மழையிலேயே டயரை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து விழுந்தவர், மறுநாள் பத்து மணிக்குத்தான் கண் விழித்தார். விழித்ததும் நடுக்கம் வந்தது.

"நல்லாத்தானே தூங்குனீங்க, பொறவு ஏன் இப்படி நடுங்குதீங்க?" என்றாள் ஜெயபிரியா.

அடுத்த வெள்ளியும் அதே ஜன்னலோரம் போய் நின்றார். அதே குரல். "அவன் வீட்டுல பிள்ளைச் சத்தம் கேக்கணும், ஆண்டவரே."

ஐப்பசியில் ஜெயபிரியா நாள் தள்ளிப்போயிருப்பதாகச் சொன்னாள். வழக்கமாகக் கலைகிற மாதம் வந்தது, போனது. ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேனில் குழந்தை கை அசைத்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத யாரோ வீட்டுக்குள் நடமாடி, கேட்காததை எல்லாம் வைத்துவிட்டுப் போவது மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ஜன்னலுக்குப் போனார்.

பெண் குழந்தை பிறந்த வாரம், ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின், கால் தாங்கித் தாங்கி நடக்கிற ஒரு அம்மா வெளியே வந்தார். தங்கத்தாய் என்று பேர்.

"உள்ள வாங்க தம்பி. வாராவாரம் இங்கன நின்னு நனையுதீங்களே."

அந்தக் குரலேதான்.

"அக்கா, நான்தான் முத்துச்செல்வம்."

தங்கத்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பைக்குல எங்க வீட்டுக்காரர் பின்னால நான்தான் இருந்தேன். ஓடைக்குள்ள விழுந்து கெடந்தேன். வண்டிக்குப் பின்னால இருந்த பேரை மட்டும் படிச்சேன். போலீஸ்ல நம்பர் கேட்டாங்க. தெரியல."

"எனக்குத் தூக்கம் இல்லன்னு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. மொத ஒரு வருஷம் நீ சாகணும்னுதான் கேட்டேன். பொறவு ஒருநா வாயத் தொறந்தா, ஒனக்குத் தூக்கம் வேணும்னு வருது. நாக்கு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி. பயந்துபோனேன். நிறுத்திப் பாத்தேன், முடியல."

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"தெரியல. போயிட்டு வா. இதுக்கு மேல ஒன் மூஞ்சியப் பாக்க என்னால முடியாது."

திங்கட்கிழமை முத்துச்செல்வம் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். ஒன்றரை வருஷம் ஜெயில். லைசென்ஸ் போயிற்று, டெம்போவும் போயிற்று. இப்போது புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்.

ஜெயிலிலிருந்து வந்ததும் ஞானஸ்நானம் கேட்டு அந்தச் சர்ச்சுக்கே போனார். கிருபை என்றால் என்னவென்று விளங்கியதா என்று பாஸ்டர் கேட்டார்.

"வெளங்கல அய்யா. வேலை செஞ்சா கூலி, தப்புச் செஞ்சா அடி. அது தெரியும். இது ரெண்டுலயும் சேரல. வேண்டாம்னு ஓடுனாலும் பின்னாலயே வருது. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

பாஸ்டர் வேறு எதுவும் கேட்காமல், வருகிற ஞாயிறு ஞானஸ்நானத்துக்கு வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் வேலையைப் பாதியில் விட்டு, மனைவி மகளோடு பஸ் ஏறித் தென்காசி வருவார். தங்கத்தாய்க்குத் தன் முகம் தெரியாதபடி இரண்டு வரிசை பின்னால் உட்காருவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஜெபம் நீண்டுபோனால், குழந்தை தானாக எழுந்துபோய்த் தங்கத்தாயின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடும். அந்த அம்மா ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொடுப்பார். முத்துச்செல்வம் அங்கே பார்க்கமாட்டார், தலையைக் குனிந்துகொள்வார்.